டிராக்டருக்கு முன் பம்பர்: இரும்புக் குழாயை ஆர்க் வெல்டிங்கில் இணைக்கும் முறை

தென்னந்தோப்பில் டிராக்டரைத் திருப்பும்போது மரத்தில் மூக்கு இடிப்பதும், வரப்பில் ஏறி இறங்கும்போது கிரில் மண்ணில் உரசுவதும் அன்றாடம் நடப்பவை. அப்படி ஒரு இடியில் கிரில் உடைந்து ரேடியேட்டர் ஓட்டையானால் உழவுப் பருவத்தில் வேலையே நின்றுவிடும். அதனால்தான் பலர் முன்பக்கத்தில் ஒரு பம்பர் போட விரும்புகிறார்கள். ஆர்க் வெல்டிங்கைப் புதிதாகப் பழகுபவர் தம் கையாலேயே செய்து முடிக்கக்கூடிய எளிய அமைப்பு ஒன்றை இங்கே விளக்குகிறேன். வெல்டிங் நன்றாக அமைவதும் அமையாததும், உருகி மூட்டை நிரப்பும் கம்பியான ராடு இரும்பைத் தொடுவதற்கு முன்பே, அளவெடுப்பிலும் வெட்டிலும் பொருத்தத்திலும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அந்தப் பகுதிக்கே இக்கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இதே பம்பரைக் காருக்கோ ஜீப்புக்கோ செய்து மாட்ட வேண்டாம். கார்களில் கிராஷ் கார்டு, புல் பார் போன்ற முன்பக்க இரும்புத் தடுப்புகளைப் பொருத்துவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. காரின் முன்பகுதி மோதலின்போது நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. அதற்கு முன்னால் இரும்புக் குழாயை வைத்தால் அடி நேராகச் சட்டத்துக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் போகும், காற்றுப்பை விரிய வேண்டிய நேரமும் தவறலாம், பாதசாரிக்கு ஆபத்து இன்னும் அதிகம். டிராக்டரும் சட்டப்படி மோட்டார் வாகனம்தான். அது சாலையில் ஓடுவதாக இருந்தால், நிறுவனம் தரும் பம்பர் இருக்கிறதா என்று டீலரிடமும், வெளியில் செய்ததைப் பொருத்தலாமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கேட்டுக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். மேலும் இங்கே சொல்லப்படும் பம்பர் வயலிலும் தோப்பிலும் மெதுவான வேகத்தில் ஏற்படும் இடிகளுக்கானது. சாலை விபத்தில் காப்பாற்றும் என்று யாரும் நம்பக் கூடாது.

குழாயும் பிளேட்டும்

கடையில் 'ஒன்றரை இஞ்ச் பைப்' என்று கேட்டால் கிடைப்பது 40 என்.பி. (பெயரளவு விட்டம்) அளவுக் குழாய். அதன் வெளிவிட்டம் ஒன்றரை அங்குலம் அன்று, 48.3 மி.மீ. ஆகும். ஏ கிளாஸ் குழாயில் மஞ்சள் பட்டையும், பி கிளாஸில் நீலப் பட்டையும், சி கிளாஸில் சிவப்புப் பட்டையும் இருக்கும். பி கிளாஸின் சுவர் ஏறத்தாழ 3.2 மி.மீ., சி கிளாஸின் சுவர் ஏறத்தாழ 4 மி.மீ. தடிமன். புதிதாகப் பழகுபவருக்கு பி கிளாஸ் போதும். ஏ கிளாஸ் மெல்லியது, கை சற்றுத் தாமதித்தாலும் ஓட்டை விழுந்துவிடும். பி கிளாஸ் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை கிலோ எடை இருக்கும். ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய் வாங்கினால் பம்பருக்குப் போக, பழகுவதற்கும் துண்டுகள் மிஞ்சும்.

ஜி.ஐ. குழாய் வேண்டாம், கறுப்புக் குழாயாகவே வாங்குங்கள். ஜி.ஐ. மேல் உள்ள துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். மூட்டிலும் குமிழிகள் விழுந்து பலம் குறையும்.

குழாயைத் தவிர 10 மி.மீ. தடிமனுள்ள ஒரு எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) பிளேட்டும், டிராக்டரின் முன் அச்சைத் தாங்கும் முன் தாங்கியில் ஏற்கெனவே உள்ள துளைகளுக்கு ஏற்ற போல்ட்டுகளும் தேவை. போல்ட்டின் தலையில், அதன் பலத்தைக் குறிக்கும் 8.8 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். பம்பரை டிராக்டரோடு சேர்த்து வெல்டு வைக்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள். அந்த முன் தாங்கி பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சாதாரண ராடால் அதில் வெல்டு வைத்தால் ஆறும்போதே விரிசல் விட்டுவிடும். அதோடு, வெல்டிங் மின்சாரம் பேரிங்குகள் வழியாகவும் வயரிங் வழியாகவும் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். பம்பரைத் தனியாகத் தரையில் வைத்து முழுவதும் முடித்துவிட்டு, போல்ட்டால் மட்டும் மாட்டுவதே சரியான வழி.

வடிவமும் அளவும்

நான் பரிந்துரைக்கும் வடிவம் மிக எளியது. முன் தாங்கியின் முகத்தில் போல்ட்டால் உட்காரும் ஒரு பிளேட். அதன் மேல் நெடுக்காக ஒட்டி நிற்கும் இரண்டு தூண் குழாய்கள். தூண்களின் உச்சியில் படுக்கையாக ஒரு மேல் குழாய். தூண்களுக்கு நடுவே இன்னொரு குறுக்குக் குழாய். வளைவு எதுவும் இல்லாததால் பைப் பெண்டிங் கடைக்குப் போக வேண்டிய தேவை இல்லை.

அளவெடுக்கும்போது டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, பானெட்டை முழுவதும் திறந்து பாருங்கள். பல டிராக்டர்களில் பானெட்டின் கீல் முன்பக்கம் இருப்பதால், திறக்கும்போது அதன் மூக்கு முன்னால் சாய்ந்து கீழே இறங்கும். பம்பரின் மேல் குழாய் அந்த வழியில் நின்றால், ஒவ்வொரு முறை ஆயில் பார்க்கும்போதும் பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கும். அடுத்து, ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசி வரை ஒடித்து, முன் சக்கரம் எதுவரை வருகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். மேல் குழாயின் முனைகள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் மறையாமலும், ரேடியேட்டருக்குக் காற்று தாராளமாகப் போகும்படியும் குறுக்குக் குழாயின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

பிளேட்டில் போல்ட் துளைகளுக்கான இடத்தை டேப்பால் அளந்து குறிப்பதைவிட, கெட்டி அட்டையை முன் தாங்கியில் வைத்து அழுத்தித் துளைகளின் தடத்தை எடுப்பது பிசகாது. தூண் குழாய்கள் பிளேட்டில் உட்காரும் நீளம் 150 மி.மீ.க்குக் குறையக் கூடாது. போல்ட்டின் தலைக்கும் குழாய்க்கும் இடையே ஸ்பேனர் நுழைய இடம் விட வேண்டும். முதல்முறை செய்பவர்கள் மறப்பது பெரும்பாலும் இதைத்தான்.

குழாய் முனையை வெட்டுவது

ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் பக்கவாட்டில் உட்கார வேண்டுமானால், அந்த முனையை மீன்வாய் போல வளைவாக வெட்ட வேண்டும். நேராக வெட்டிய முனையை வைத்து, இடைவெளியை ராடை உருக்கி அடைத்துவிடலாம் என்று எண்ணுவது பெரிய தவறு. அப்படி அடைத்தது வெளியே தடிப்பாகத் தெரிந்தாலும், உள்ளே இரண்டு குழாய்களையும் பிடித்திருக்காது. இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் புதியவராலும் நல்ல மூட்டுப் போட முடியும். இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் அனுபவசாலியே நின்று யோசிப்பார்.

இதற்கு ஒரு காகித வார்ப்புரு செய்துகொள்ளலாம். 48.3 மி.மீ. குழாயின் சுற்றளவு ஏறத்தாழ 152 மி.மீ.. கெட்டிக் காகிதத்தில் 152 மி.மீ. நீளமான ஒரு பட்டையை வெட்டி, அதை 12 சமபாகங்களாகப் பிரித்துக் கோடு போடுங்கள். ஒரு பாகம் 12.7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். மொத்தம் 13 கோடுகள் இருக்கும், கடைசிக் கோடு முதல் கோட்டோடு பொருந்தும். பட்டையின் ஓரத்திலிருந்து அந்தக் கோடுகளில் வரிசையாக 0, 4, 10, 12, 10, 4, 0, 4, 10, 12, 10, 4, 0 மி.மீ. ஆழத்தில் புள்ளி வைத்து, புள்ளிகளை வளைவாக இணைத்து வெட்டுங்கள். பட்டையைக் குழாயில் சுற்றி ஓரத்தைக் குழாய் முனையோடு ஒட்டவைத்து, வளைவை மார்க்கரால் வரைந்தால் வெட்டுக்கோடு கிடைத்துவிடும். இது ஒரே விட்டமுள்ள இரண்டு பி கிளாஸ் குழாய்கள் செங்கோணத்தில் சேர்வதற்கான கணக்கு; வேறு கோணத்துக்கோ வேறு அளவுக்கோ பொருந்தாது.

குறுக்குக் குழாய்க்கு இரு முனையிலும் இந்த வெட்டு வேண்டும் என்பதால், நீளத்தைக் கணக்கிடுவதில் கவனம் தேவை. தூண்களின் மையத்துக்கு மையம் 450 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு குழாயின் விட்டமான 48 மி.மீ.யைக் கழித்தால் இரு தூண்களுக்கும் இடையே உள்ள வெற்றிடம் 402 மி.மீ. கிடைக்கும். மீன்வாயின் நுனிகள் இருபுறமும் தலா 12 மி.மீ. தூணைக் கட்டிப்பிடிக்கும் என்பதால் 24 மி.மீ. கூட்டி, குழாயை 426 மி.மீ. நீளத்துக்கு முதலில் நேராக வெட்ட வேண்டும். இரு முனைகளின் நுனிகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பது அவசியம். இல்லாவிட்டால் ஒரு முனை பொருந்தும்போது மறுமுனை முறுக்கிக்கொண்டு நிற்கும். குழாயின் மேல் ஒரு ஆங்கிளை ('எல்' வடிவ இரும்புச் சட்டம்) கவிழ்த்து வைத்தால் அது தானாகக் குழாயோடு இணையாக உட்காரும். அதன் ஓரத்தை ஒட்டி மார்க்கரை இழுத்தால் முனைக்கு முனை நேர்கோடு கிடைக்கும்; வார்ப்புருவின் முதல் கோட்டை இரு முனையிலும் அந்தக் கோட்டில் பொருத்துங்கள்.

ஆங்கிள் கிரைண்டரில் கட்டிங் வீலைக் கொண்டு, கோட்டுக்கு வெளியே சிறு சிறு நேர்வெட்டுகளாக எடுத்துவிட்டு, பிறகு கிரைண்டிங் வீலால் கோடுவரை தேயுங்கள். கிரைண்டரின் வீலை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அதைப் பார்த்துப் பழகாதீர்கள், வீல் உடைந்தால் துண்டு வரும் திசை முகம்தான்.

வெட்டி முடித்ததும், மூட்டு வரும் இடத்திலிருந்து 25 மி.மீ. தூரம் வரை துருவையும் எண்ணெயையும் கறுப்புப் பூச்சையும் பளபளப்பு வரும்வரை தேய்த்து எடுங்கள். பிறகு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது: குறுக்குக் குழாய் தூணில் சேரும் இடத்தின் நடுவிலும், தூண் மேல் குழாயில் சேரும் இடத்தின் நடுவிலும் 5 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள். எல்லாப் பக்கமும் அடைபட்ட குழாயில் கடைசி மூட்டைப் போடும்போது உள்ளே சூடான காற்று விரிந்து, உருகிய உலோகத்தை வெளியே ஊதித் தள்ளும். உள்ளே ஈரமோ எண்ணெயோ இருந்தால் வெடிக்கவும் கூடும். தூண்களின் அடிமுனையைத் திறந்தே விட்டால் காற்றும் பிற்பாடு சேரும் தண்ணீரும் அந்த வழியே வெளியேறும்.

மெஷின், ராடு, பாதுகாப்பு

200 ஆம்பியர் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் மெஷின் இந்த வேலைக்குத் தாராளம். மெஷினின் பெயர்த்தகட்டில் ஒரு ஆம்பியருக்கு நேரே 60 சதவீதம் என்று எழுதியிருந்தால், அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டி நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். 16 ஆம்பியர் பவர் பிளக்கிலிருந்து, தடிமனான செம்புக் கம்பியுள்ள குறைந்த நீள எக்ஸ்டென்ஷனில் எடுங்கள். மோட்டாருக்கான இலவச விவசாய இணைப்பில் வெல்டிங் மெஷினை ஓட்டுவது அனுமதிக்கப்பட்ட பயன்பாடு அன்று.

ராடு 6013 வகை. பட்டறையில் 12 கேஜ் என்பது 2.5 மி.மீ. ராடு, 10 கேஜ் என்பது 3.15 மி.மீ. ராடு. குழாய் மூட்டுகளுக்கு 12 கேஜை 70 முதல் 80 ஆம்பியரிலும், பிளேட்டுக்கு 10 கேஜை 100 முதல் 120 ஆம்பியரிலும் தொடங்கிப் பாருங்கள். பாக்கெட்டில் அச்சிட்டுள்ள அளவே கடைசி அதிகாரம். மழைக்காலத்தில் திறந்து கிடந்த ராடு ஈரம் குடித்திருக்கும். அது வெடித்து வெடித்து எரிந்தால் அதை விட்டுவிட்டுப் புதிய பாக்கெட்டை எடுங்கள்.

வெல்டிங் ஒளியைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்தவருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண் சிவந்து கரகரத்து நீர் வழியும். ஆகவே 10 அல்லது 11 எண் கண்ணாடி போட்ட முழு முகக்கவசம், தோல் கையுறை, கை முழுவதும் மூடும் பருத்திச் சட்டை, மூடிய ஷூ ஆகியவற்றை அணியாமல் தொடங்காதீர்கள். நைலான், பாலியெஸ்டர் துணி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளைத் தூர அனுப்பிவிடுங்கள். வைக்கோல், சாக்கு, டீசல் கேன் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஈரத்தரையில் நின்றுகொண்டோ வியர்வையில் நனைந்த கையுறையோடோ ராடு மாற்றுவது ஷாக்குக்கு வழி.

கை பழகுவது

பம்பர்க் குழாயில் கை வைப்பதற்கு முன், மிஞ்சிய துண்டுகளில் பழகுங்கள். தீக்குச்சியை உரசுவது போல ராடின் நுனியை இரும்பில் லேசாக இழுத்தால் ஆர்க் பிடிக்கும். பிடித்ததும் நுனியை ராடின் விட்டம் அளவுக்கு மட்டும், அதாவது இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். ராடு எரிந்து குறையக் குறையக் கையும் கீழே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். புதியவர்கள் இதை மறந்து ஆர்க்கை நீளவிடுவதால்தான் வெல்டு தட்டையாகப் பரந்து, பொறி சிதறி, குமிழி விழுகிறது. ராடைப் போகும் திசையில் 10 முதல் 20 டிகிரி சாய்த்து இழுத்துச் செல்லுங்கள். ஒளியைப் பார்க்காமல் அதற்குப் பின்னால் உருகிக் கிடக்கும் குளத்தைப் பார்க்கப் பழக வேண்டும். அந்தக் குளம் இரண்டு துண்டுகளின் ஓரத்தையும் தொட்டு நனைத்த பிறகே கை முன்னே நகரலாம். ராடின் பூச்சு உருகி வெல்டின் மேல் படியும் கசடான ஸ்லாக், குளத்துக்குச் சற்றுப் பின்னால் மங்கிய நிறத்தில் வரும். அது குளத்தை முந்தினால் கை மெதுவாகப் போகிறது அல்லது ஆம்பியர் குறைவு.

உங்கள் வெல்டு பிடித்திருக்கிறதா என்பதற்கு ஒரு நேர்மையான சோதனை உண்டு. இரண்டு பிளேட் துண்டுகளை 'டி' வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு வையுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, வெல்டு வைத்த பக்கமாகவே சம்மட்டியால் சாய்த்து அடியுங்கள். உடைந்த முகத்தில் அடி மூலை வரை உருகிச் சேர்ந்திருந்தால் நல்லது. மூலையில் பழைய இரும்பின் ஓரம் வெட்டியது வெட்டியபடியே நேர்கோடாகத் தெரிந்தால், மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே பிடிக்கவில்லை. ஆம்பியரைக் கூட்டி மீண்டும் செய்யுங்கள். இந்தச் சோதனையில் தேறாமல் பம்பரைத் தொட வேண்டாம்.

டேக் அடிப்பதும் முழு வெல்டும்

பிளேட்டைத் தரையில் படுக்க வைத்து, தூண்களையும் குறுக்குக் குழாயையும் மேல் குழாயையும் அதன் மட்டத்திலேயே அடுக்குங்கள். மூலைமட்டத்தால் செங்கோணம் பார்த்து, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து சமமாக்கிக்கொள்ளுங்கள். மெஷினின் எர்த் வயரை இரும்போடு இணைக்கும் எர்த் கிளாம்ப், தேய்த்த இரும்பில் இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு குழாய் மூட்டிலும் எதிரெதிராக நான்கு இடத்தில் 10 மி.மீ. அளவுக்கு டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) அடியுங்கள். ஒரு டேக் ஆறும்போதே தன் பக்கம் இழுக்கும் என்பதால், அடுத்த டேக்கை அதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்து, மறுபடி மட்டம் பாருங்கள். எல்லாம் டேக் ஆனதும் டிராக்டரில் தூக்கி வைத்து, போல்ட் துளை பொருந்துகிறதா, பானெட் திறக்கிறதா, சக்கரம் ஒடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். இப்போது தவறு தெரிந்தால் கிரைண்டரில் டேக்கை வெட்டிச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை.

முழு வெல்டை ஒரே மூட்டில் சுற்றிச் சுற்றிப் போடாதீர்கள். ஒரு மூட்டில் கால்வட்டம் போட்டதும் எதிர்மூலையில் உள்ள மூட்டுக்குப் போங்கள். முடிந்தவரை பம்பரைப் புரட்டிப் புரட்டி, குளம் கீழே வழியாத நிலையில் வைத்தே வெல்டு வையுங்கள். ஒவ்வொரு கால்வட்டமும் முந்தியதன் முனையில் 10 மி.மீ. ஏறித் தொடங்க வேண்டும். அந்த முனையின் ஸ்லாக்கைச் சுத்தியலால் தட்டி, வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள். ராடை எடுக்கும்போது குழியாக விடாமல் ஒரு கணம் நின்று நிரப்பி எடுங்கள், விரிசல் அந்தக் குழியில்தான் முதலில் தோன்றும். குழாய் சிவந்து குளம் அகன்றால் ஓட்டை விழப் போகிறது என்று அர்த்தம். உடனே ராடை எடுத்து ஆறவிடுங்கள். சூடான வெல்டில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

தூண் பிளேட்டில் ஒட்டும் இடம் இந்தப் பம்பரின் மிகக் கடினமான வெல்டு. வட்டக் குழாய் தட்டைப் பிளேட்டில் உட்காரும்போது இருபுறமும் கூர்மையான, ஒடுக்கமான பள்ளம் உண்டாகிறது. அதன் அடிக்கு ராடின் நுனி போய்ச் சேராவிட்டால், ஸ்லாக் அங்கேயே சிறைப்பட்டுவிடும். முதல் ஓட்டத்தை (ஒருமுறை ராடை இழுத்துப் போடும் வெல்டு வரியை) 12 கேஜ் ராடால், 85 ஆம்பியர் அளவில் ஆழமாகப் போட்டு, ஸ்லாக்கை முழுவதும் கிளறி எடுங்கள். பிறகு 10 கேஜால் ஒன்றிரண்டு ஓட்டம் போட்டுப் பள்ளத்தை நிரப்புங்கள். 10 மி.மீ. பிளேட் சூட்டை இழுத்துக்கொள்ளும், 3.2 மி.மீ. குழாய் சீக்கிரம் உருகிவிடும். எனவே ராடைப் பிளேட்டின் பக்கம் காட்டி, குளத்தைக் குழாயின் மீது ஏறவிடுங்கள். மேல் குழாயின் திறந்த முனைகளுக்கு 3 மி.மீ. வட்டத் துண்டுகளை வைத்து அடைத்து, ஓரங்களைக் கையில் கீறாதபடி தேய்த்துவிட வேண்டும்.

பார்வையும் பூச்சும் பொருத்தலும்

ஸ்லாக் எல்லாவற்றையும் நீக்கி நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு மூட்டையும் சுற்றிப் பாருங்கள். வெல்டின் ஓரத்தில் குழாய் அரித்துப் பள்ளமாகியிருந்தால் ஆம்பியர் அதிகம் அல்லது ஆர்க் நீளம். குறைந்த ஆம்பியரில் மெல்லிய ஓட்டம் போட்டு நிரப்பலாம். குமிழித் துளைகளும் சிக்கிய ஸ்லாக்கும் இருந்தால் மேலே பூசி மறைக்காதீர்கள், அந்த இடத்தைக் கிரைண்டரால் நல்ல உலோகம் தெரியும்வரை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். வெல்டை வழுவழுப்பாகத் தேய்ப்பதும் எனக்கு உடன்பாடில்லை. தேய்க்கும்போது பலமும் போகிறது, குறையும் மறைகிறது.

தின்னரால் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், மேலே எனாமல் இரண்டு கோட் அடித்தால் போதும். தூணின் அடித்திறப்பை அடைக்காதீர்கள். நன்கு காய்ந்ததும் ஸ்பிரிங் வாஷரோடு போல்ட்டுகளை மாட்டி, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

முதல் நாள் உழவு முடிந்ததும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள், பூச்சு நசுங்கி அவை தளர்ந்திருக்கும். அதன்பின் டிராக்டரைக் கழுவும்போதெல்லாம் மூட்டுகளின் ஓரத்தில் கண் ஓடட்டும். பெயின்ட்டின் மேல் தலைமுடி அளவில் துருநிறக் கோடு தெரிந்தால் அங்கே விரிசல் இருக்கிறது என்று கொள்ளலாம். அதன் மேலேயே இன்னொரு ஓட்டம் போட்டால் விரிசல் அடியிலிருந்து மீண்டும் ஏறி வரும். பம்பரைக் கழற்றி, விரிசலின் இரு நுனிகளிலும் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாதபடி நிறுத்தி, நடுவே முழு ஆழத்துக்கும் கிரைண்டரால் பள்ளம் எடுத்துவிட்டுத்தான் மறு வெல்டு வைக்க வேண்டும்.